பால் காய்ச்சும் நாள்

கோவையில் குண்டு வெடித்து ஆறு மாதமாகிறது. இருக்கும் வீட்டை இந்த மாதத்துக்குள் நான் காலி செய்ய வேண்டும். துடியலூரில் ஒரு வெற்றுச் சமையலறையில் நிற்கிறேன். ஜன்னல் வெயில் காலி அலமாரிகளில் விழுகிறது. வீட்டுக்காரர் பத்மாவதியம்மாவுக்கு என்னைப் பிடித்துவிட்டது. என் சுங்குடிச் சேலையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துவிட்டார். "டீச்சருங்களா? ரொம்ப நல்லதுங்க கண்ணு. ஆவணிலயே பால் காய்ச்சிப்போடலாம்" என்று சுவரிலிருக்கும் நாள்காட்டியைப் புரட்டுகிறார். ஒரு புதன்கிழமையின் மேல் பென்சிலை வைத்து, "பேரு என்னங்க அம்மணி?" என்கிறார். "மெகருன்னிசாங்க." பென்சில் அசையவில்லை. "அடடா, எந்தம்பி குடும்பம் வாரேன்னுச்சு. மறந்தே போட்டேனுங்க" என்கிறார். "நேத்துப் பாத்த ரெண்டு ஊட்டுக்கும் தம்பிதானுங்க வர்றாங்களாம். எம்பேரக் கேட்டதுக்கப்புறந்தான் வர்றாங்க" என்கிறேன். அவர் முகம் வாடுகிறது. "எனக்கொண்ணுமில்லீங்க கண்ணு, அக்கம்பக்கத்துல..." என்று நிறுத்திவிட்டு, "காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்று என் கையைப் பிடிக்கிறார். அந்தப் பிடியில் உண்மையான பிரியம் இருக்கிறது. "காப்பி வேண்டாங்க, ஊடுதான் வேணும்" என்கிறேன். கை மெல்ல விலகுகிறது. தெருவுக்கு வருகிறேன். மூன்று வீட்டிலும் ஒருவர்கூட என்னிடம் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை.