சொட்டும் வால்வு

பெர்கன் நகரில் ஒரு வீட்டின் நிலவறையில் மூன்று பேர்: புது வெந்நீர்த் தொட்டியின் முன்னே மண்டியிட்டிருக்கும் பிளம்பர் டுரூல்ஸ், படிக்கட்டில் உட்கார்ந்திருக்கும் ஹால்வார், தொட்டியை ஒட்டிய கட்டிலில் அவனுடைய அக்கா ராக்ன்ஹில்ட். தொட்டியில் மிஞ்சும் அழுத்தத்தை வெளியே விடும் பாதுகாப்பு வால்வு சொட்டுகிறது. ஒவ்வொரு துளியும் பல்பு வெளிச்சத்தில் மின்னிப் புதுத் தரையில் விழுகிறது. "தரையை உடைச்சு வடிகாலுக்குக் குழாய் விடணும்," என்கிறார் டுரூல்ஸ். "உடைக்கறதா? வால்வுக்கு ஒரு மூடி போட்டு அடைச்சு விடுங்க." "அழுத்தம் எங்கே போகும்? தொட்டி வெடிக்கும். உங்கக்கா இங்கேதானே தூங்குறாங்க!" "அக்கா எதுக்கும் அசையமாட்டா. இல்லையாக்கா?" ஹால்வார் சிரிக்கிறான். டுரூல்ஸ் தொட்டியின் ஸ்விட்சை அணைத்துவிட்டு ஸ்பேனர்களைப் பெட்டியில் போடுகிறார். "போங்க, நானே அடைச்சுக்கறேன்," என்று ஹால்வார் சட்டைப்பையிலிருந்து பித்தளை மூடியை எடுக்கிறான். ராக்ன்ஹில்ட் தலையணைக்கடியிலிருந்து ஒரு கடிதத்தை எடுக்கிறாள். அம்மா விட்டுப்போன இந்த வீட்டில் தன் பாதியைப் பிரித்துத் தரச் சொல்லி வக்கீலுக்கு எழுதி, தம்பியாயிற்றே என்று அனுப்பாமல் வைத்திருந்தது. உறையின் ஓரத்தை நாக்கில் நனைத்து ஒட்டுகிறாள். "போற வழியில தபால் பெட்டியில போட்டுடுங்க," என்று டுரூல்ஸிடம் நீட்டுகிறாள்.