முள்கரண்டி மரியாதை

மிளகு ஒப்பந்தத்துக்காக லண்டன் கம்பெனித் துரை, காஜா பேராங்கில் இருக்கும் ஜெயபாலன் வீட்டுக்கே சாப்பிட வருகிறார். மலாய் நாடு சுதந்திரம் அடைந்த மறுவருடம் அது.

"அண்ணே, நீங்க கையால பிசைஞ்சு சாப்பிட்டா துரை முகம் சுளிப்பாரு. இன்னிக்கு மட்டும் செமாபோக்குல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போயிருங்கலா," என்றார் ஜெயபாலன்.

அண்ணன் ஏகாம்பரம் சைக்கிளை எடுத்தார்.

மேசையில் முள்கரண்டிகள் பளபளத்தன. துரையோ உட்காராமல் வீட்டுக்குள் எட்டியெட்டிப் பார்த்தார்.

"ஏகாம்பரம் எங்கே?" என்று மலாயில் கேட்டார். "உங்கள் ஒப்பந்தக் கடிதத்தில் அந்தப் பெயரைப் பார்த்துத்தான் வந்தேன். ஜப்பான்காரன் சயாமில் ரயில் பாதை போட்டபோது, கைதியாக இருந்த என் இரண்டு கையும் உடைந்துபோனது. மூன்று மாதம் எனக்குச் சோறு ஊட்டியது அவர்தான்."

"அவசரமா... வெளியூர் போயிட்டாரு."

துரை முள்கரண்டியை ஒதுக்கிவிட்டு, கை கழுவி வந்து, ரசஞ்சோற்றைப் பிசைந்தார்.

ஜெயபாலனுக்குத்தான் சோறு இறங்கவில்லை.