நாற்காலிக்குக் கிடைத்த பரிசு

"போன மாதம் முழுக்க இந்த ஆலையில் ஒருவர்கூடக் கழிப்பறைக்குப் போகவில்லை" என்று மேலாளர் ஹெந்தார்தோ அறிவித்தார்.

நானூற்றுப் பன்னிரண்டு தையல் தொழிலாளர்களும் கை தட்டினார்கள். இந்தோனேசியாவின் இந்தச் செமாராங் ஆலையில் கை தட்டுவதும் வேலை நிபந்தனைகளில் ஒன்று.

மேடை ஓரத்தில் பொறியாளர் நிங்ரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் வடிவமைத்த மேலங்கியைத்தான் எல்லோரும் போட்டிருந்தார்கள். நெஞ்சுப் பக்கம் வெள்ளி இழையால் தைத்த ஆன்டெனா. துணியோடு துணியாக வளையும். அங்கி இருக்கும் இடத்தைக் கூரையில் மாட்டிய அலைவாங்கிப் பெட்டிக்குச் சொல்லும். திரையில் பச்சைப் புள்ளி என்றால் ஆள் இருக்கையில். சிவப்பு என்றால் எழுந்துவிட்டார். ஒரு நாளில் மூன்று சிவப்புக்கு மேல் போனால் எச்சரிக்கைக் கடிதம். மூன்றாவது கடிதத்தோடு வீடு.

சங்கத் தலைவர் வார்தோயோ அந்த அங்கிக்கு எதிராக ஏழு துண்டறிக்கை எழுதியிருந்தார். ஏழிலும் நிங்ருமின் பெயர் இருந்தது. 'படித்த கைக்கூலி' என்ற அடைமொழியோடு.

"இந்த மாதத்தின் சிறந்த தொழிலாளி, இடத்தை விட்டு அசையாமல் அதிக நேரம் பச்சை காட்டிய சுமிரா."

சுமிரா தயங்கித் தயங்கி மேடைக்குப் போய், சோறு வடிக்கும் மின்சாரக் குக்கரை வாங்கிக்கொண்டு வந்து வார்தோயோவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சர்க்கரை வியாதிக்காரி. மேற்பார்வையாளர் நோட்டுப் புத்தகத்தோடு எண்ணிய காலத்திலேயே இரண்டு கடிதம் வாங்கியவள்.

"ஒரு நாளைக்கு ஏழு தடவை போறவ நீ. உனக்கா பரிசு?"

"மெதுவாப் பேசுங்கண்ணே. கூப்பிட்டாங்க, போய் வாங்கிட்டு வந்தேன்."

"போறப்போ அங்கிய என்ன பண்ணுவே?"

"உள்ள ஒரே ஈரம். கழட்டி நாற்காலியில மாட்டிட்டுத்தான் போவேன்."

வார்தோயோவுக்குப் பொறி தட்டியது. போன வாரம் மேலாளர் அறைக்குப் பேச்சுவார்த்தைக்குப் போனபோது திரை காலியாகக் கிடந்தது. தொழுகை நேரம் வந்ததும் நானூற்றுக்கும் மேல் பச்சைப் புள்ளிகள் ஒன்றாக முளைத்தன. அந்த நேரத்தில் தையல் கூடத்தில் ஓர் ஆள் கிடையாது. நூல் தூசியோடு தொழக் கூடாது என்று அங்கியை நாற்காலியில் மாட்டிவிட்டுப் போவதுதான் இங்கே எல்லோருக்கும் வழக்கம்.

இப்போதும் மேடைத் திரையில் ஒரு சிவப்புகூட இல்லை. பச்சையும் இல்லை. பச்சை எங்கே என்று ஹெந்தார்தோ ஒரு மாதமாகக் கேட்கவே இல்லை.

"அடியே, பரிசு உனக்கில்ல. உன் நாற்காலிக்கு."

"இருக்கட்டுமே. நீங்க உட்காருங்கண்ணே. உங்களைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

குக்கருக்கு ஆசைப்பட்டுத் தடுக்கிறாள் என்று நினைத்தார் வார்தோயோ. எழுந்து மேடைக்கே போனார்.

"சார், ஒரு சின்ன சந்தேகம்." அங்கியைக் கழற்றி நாற்காலியில் மாட்டினார். திரையில் பச்சைப் புள்ளி மின்னியது. "இப்ப நீங்க போட்டுப் பாருங்க."

ஹெந்தார்தோ போட்டார். புள்ளி அணைந்தது.

"உங்க கணக்குப்படி நீங்க இப்ப ஆலையிலயே இல்ல சார்."

ஹெந்தார்தோ கழற்றினார், புள்ளி வந்தது. போட்டார்; போனது. திரும்பி நின்று பார்த்தார். மூச்சை அடக்கிப் பார்த்தார். வயிற்றை எக்கிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் அவர் இல்லாமல் போனார். கூட்டம் யாரும் சொல்லாமலே கை தட்டியது.

"என்னம்மா இது?"

"உடம்புல பெரும்பகுதி தண்ணி சார்" என்றாள் நிங்ரும். "ஆன்டெனா உடம்போட ஒட்டி இருந்தா, அலையை உடம்பு விழுங்கிடும்."

"அப்ப நான் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பின அறிக்கை?"

"அது நாற்காலிங்களோட அறிக்கை சார்" என்றார் வார்தோயோ.

மாலைக்குள் நிங்ருமுக்கு வேலை போயிற்று.

வாசலில் அவள் ஓர் அட்டைப் பெட்டியை ஸ்கூட்டரில் வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாள். வார்தோயோ கிராம்புச் சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு பக்கத்தில் போய் நின்றார். முப்பது வருடப் போராட்டத்தில் இப்படி ஒரு முழு வெற்றி அவருக்குக் கிடைத்ததில்லை.

"மனுஷன் போட்டா வேலை செய்யாத சட்டை. இதுக்கு ஒரு டாக்டர் பட்டம் வேற. முதலாளிக்கு விசுவாசமா இருந்தியே, பாத்தியா தங்கச்சி, எப்படித் தூக்கிப் போட்டான்னு."

நிங்ரும் கயிற்றை இறுக்கினாள்.

"சுமிரா அக்காவுக்கு இன்னும் ஒரு கடிதம்தானே பாக்கி?"

"ஆமா. அது உனக்கு எப்படித் தெரியும்?"

"முதல் நாள் அங்கிக்கு அளவெடுக்கறப்போ சொல்லி அழுதாங்க. திங்கக்கிழமை புது ஆள் வர்றாரு. ஆன்டெனாவுக்கும் உடம்புக்கும் நடுவுல உலோக இழை போட்ட துணி ஒண்ணு வச்சுத் தைக்கச் சொல்லுவாரு. அப்புறம் யார் போட்டாலும் வேலை செய்யும். ஒவ்வொரு தடவையும் எண்ணும்."

"அவ்வளவுதானா விஷயம்?" வார்தோயோ சிரித்தார். "ஒரு துண்டுத் துணி. இது கூடவா உனக்குத் தெரியாமப் போச்சு?"

நிங்ரும் ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"அந்தத் துணிக்குத்தான் எனக்கு டாக்டர் பட்டமே கொடுத்தாங்கண்ணே."