நினைத்தால் நகரும் ராணி

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் சொன்ன நாக்கு அழுகிப்போகட்டும்.

தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும் என்பது பழைய செஸ் விதி. கரண்டில் ஓடும் புதுப் பலகையில் தொடவே வேண்டாம். நினைத்த காய் தானே நகர்ந்துவிடும், திருப்பி வைக்க முடியாது. அதில்தான் கோவில்பட்டி சங்கரபாண்டியனும் அவர் சம்பந்தி வெள்ளப்பாண்டியும் ஆடினார்கள். ஜெயிப்பவர் பேத்திக்குப் பெயர் வைக்கலாம் என்று பேச்சு. சங்கரபாண்டியன் குழந்தையை மனசுக்குள் ஓவியா என்று கூப்பிட்டே பழகியிருந்தார்.

அடுத்த முறை யானையை நினைத்தால் போதும், வெற்றி. அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. காலை ஆட்டிக்கொண்டு, ‘யானை, யானை’ என்று முணுமுணுத்தார். வெள்ளப்பாண்டியின் சிப்பாய் ஒரு கட்டம் நகர்ந்தது.

“சம்பந்தி, என்ன வேணும்னாலும் நெனைங்க. ராணிய மட்டும் நெனச்சிராதீய.”

மருந்து குடிப்பவனிடம் குரங்கை நினைக்காதே என்ற கதைதான். சங்கரபாண்டியனின் ராணி விறுவிறுவென்று போய் எதிராளியின் குதிரை வாயில் விழுந்தது. அதோடு ஆட்டமும் போயிற்று.

“யோவ், என் மண்டைக்குள்ள ராணிய நுழைச்சது நீருல்லா!”

“நுழைச்சது நான். நெனச்சது நீரு.”

பேத்திக்கு வெள்ளப்பாண்டியின் தாயார் பெயரே நிலைத்தது: பேச்சியம்மாள். சங்கரபாண்டியன் இன்னும் அவளைப் பெயர் சொல்லாமல் ‘ஏட்டி’ என்றுதான் கூப்பிடுகிறார்.

அன்று ஆட்டம் முடியும்வரை அந்தப் பலகையின் பிளக் சுவரில் சொருகப்படவே இல்லை.