வெள்ளிக்கிழமை டப்பா

"புது டப்பா வந்துச்சாம்மா?"

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்த தாஜுதீன் தொப்பியைக்கூடக் கழற்றாமல் மகளின் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"பாக்குறேன் அத்தா," என்றாள் நூரீன்.

டப்பா என்று அவர் சொன்னது கன்டெய்னர் இமேஜை. மென்பொருளை ஒரு டப்பாவில் அடைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று இணையத்தில் வைப்பது என நூரீன்தான் அவருக்கு விளக்கியிருந்தாள். இந்த டப்பா அவள் தம்பி ஹாதி செய்தது.

அவன் பெங்களூருக்குப் போய் இரண்டு வருடம். அவன் கல்யாணப் பேச்சில் மூண்ட சண்டையில் தாஜுதீன், "செத்தாக்கூட சேதி அனுப்பாதே" என்று கத்திவிட்டார். பாவி மனுஷன், மறுநாளே போன் மேல் போன் போட்டார். அவன் எடுக்கவில்லை. பிறகு அந்த எண்ணே இல்லாமல் போனது. தேடிப் போனபோது அவன் அறையில் வேறு யாரோ இருந்தார்கள்.

மிச்சம் இந்த டப்பா ஒன்றுதான். அதன் பதிப்பு எண் கூடியிருந்தால் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அர்த்தம். வெள்ளிதோறும் அவனுக்காக துஆ கேட்டுவிட்டு வந்து, இதையும் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் அவர் சோற்றில் கை வைப்பார்.

நூரீன் கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டினாள். எப்போதும் பதிப்பு எண்களை மட்டும்தான் கேட்பாள். இந்த வாரம் அலுவலக வேலை ஒன்றுக்காக, பதிப்பு ஏறிய நேரத்தையும் சேர்த்துக் கேட்கப் பழகியிருந்தாள். கை அதையே தட்டிவிட்டது.

புது எண் வந்திருந்தது. பக்கத்தில் கிரீன்விச் கணக்கில் நேரம். ஐந்தரை மணி கூட்டிப் பார்த்தாள்.

இன்று பகல் ஒன்றேகால்.

மறுபடியும் கூட்டிப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஒன்றேகாலுக்கு ஹாதி கணினி முன்னால் இருக்கவே மாட்டான். ஜும்ஆவுக்காகக் கல்லூரிப் பரீட்சையிலிருந்தே பாதியில் எழுந்து போனவன் அவன்.

போன வாரம் பார்த்தாள். வெள்ளி, ஒன்றேகால். அதற்கு முந்தைய வாரமும் அதே. விரலை வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினாள். பதினான்கு மாதமாக ஒரு நிமிடம்கூடப் பிசகவில்லை.

அதற்கும் கீழே போனால்தான் கண்டபடி நேரங்கள். ஒரு செவ்வாய் ராத்திரி, ஒரு ஞாயிறு விடியற்காலை. அவன் கையால் ஏற்றியவை.

"நான் தொழப் போற நேரத்துல மெஷினே தானா போட்டுக்கட்டும், அக்கா," என்று அவன் எப்போதோ சொல்லிச் சிரித்தது இப்போது ஞாபகம் வந்தது.

பதினான்கு மாதமாக மெஷின் மட்டும்தான் போட்டுக்கொண்டிருக்கிறது.

"வந்துச்சா?" என்றார் தாஜுதீன் மறுபடியும்.

நூரீன் திரையை மூடினாள்.

"இப்பதான் அத்தா. தொழுதுட்டு வந்து போட்டிருக்கான்."