புழு தின்ற படையல்

நவமணி தன் கண்ணையே நம்பவில்லை.

பின்பக்க மதில்மேல் இப்போதுதான் இலை போட்டுச் சோறு வைத்துவிட்டுப் போனாள். தண்ணீர் வைக்க மறந்துபோய்த் திரும்பி வந்தால், அடுத்த வீட்டுப் பக்கமிருந்து ஒரு கை நீண்டு அந்தச் சோற்றை மங்குக் கிண்ணத்துக்குள் வழித்துக்கொண்டிருந்தது.

காக்காவுக்கு வைத்த சோறு. செத்துப்போன புருஷனுக்கு வைத்த சோறு.

ஓடிப்போய் எட்டிப் பார்த்தாள். கார்த்திகேசு! அறுபத்தைந்து வயது மனுஷன், சோற்றையும் பருப்பையும் கத்தரிக்காயையும் நீலப் பிளாஸ்டிக் தோங்குக்குள் கொட்டிக்கொண்டிருந்தார். உள்ளே ஆயிரக்கணக்கில் புழு நெளிந்தது. அவர் கோழிக்குத் தீனியாக வளர்க்கிற புழு.

"அண்ணே! என்ன செய்யிறீங்க?"

கார்த்திகேசு கிண்ணத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"கேக்கிறேன்ல? எத்தன நாளா நடக்குது இது?"

"மூணு மாசமா... தங்கச்சி."

புருஷன் தேவன் போயே மூன்று மாதம்தான் ஆகிறது.

தினமும் சமைத்ததும் முதல் இலை அவருக்குத்தான். மதில்மேல் வைத்துவிட்டுச் சாமி அறைக்குப் போவாள். கும்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் இலையில் நாலு பருக்கைதான் மிச்சமிருக்கும். அவர் வந்துவிட்டார் என்று மனசு நிறைந்த பிறகுதான் அவள் வாயில் ஒரு பிடி போகும். அதுவரை பச்சைத் தண்ணீர்கூடக் கிடையாது.

"எம் புருஷன் வந்து சாப்பிட்டுப் போறாருன்னு நெனச்சேனே! புழுவா தின்னுச்சு? தீனிக்கு ஒங்களுக்கு எம் படையல்தான் கெடச்சுதா?"

சத்தம் கேட்டு வரிசை வீட்டு ஜனம் கூடிவிட்டது. அந்தத் தோங்கின் நாற்றத்தில் எல்லாருக்கும் ஏற்கெனவே எரிச்சல். சும்மா இருப்பார்களா?

"இவருக்கு மனுசனவிடக் கோழிதான் பெருசா போச்சு லா!" என்று ஒருவர் எடுத்துக் கொடுத்தார்.

நவமணி சுற்றிக்கொண்டு போய்த் தோங்கை இரண்டு கையாலும் பிடித்துக் கவிழ்த்தாள். சிமெண்டுத் தரை முழுக்கப் புழு. ஐந்து கோழிகளும் விழுந்தடித்து ஓடிவந்து கொத்தின. அதுகளுக்கு அன்றைக்கு விருந்து.

"மன்னிச்சிரு தங்கச்சி" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கார்த்திகேசு விளக்குமாற்றை எடுத்தார். மாட்டிக்கொண்டவனுக்கு வாய் எங்கிருந்து வரும் என்று நினைத்துக்கொண்டாள் நவமணி.

மறுநாள் அவள் காவலுக்கே உட்கார்ந்துவிட்டாள். இலையை வைத்துவிட்டு, அடுப்படி வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டாள். மூன்று மாதமாகப் பட்டினி கிடந்த மனுஷன், இன்றைக்காவது வயிறாரச் சாப்பிட்டுப் போகட்டும்.

பத்து மணி ஆனது. பதினொன்று ஆனது. காக்கா வரவில்லை. "கா... கா..." என்று கூப்பிட்டுப் பார்த்தாள். தொண்டை வறண்டதுதான் மிச்சம். காலையில் போட்ட சர்க்கரை ஊசி தன் வேலையைக் காட்டியது. கை நடுங்கியது, உடம்பெல்லாம் வேர்த்தது.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுத் தினேஸ்வரி வந்தாள். பாகான் செராயில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு அன்று காலைதான் திரும்பியிருந்தாள்.

"என்னக்கா, மூஞ்சி இப்படி வெளுத்துக் கெடக்கு? சாப்பிட்டீங்களா இல்லையா?"

"காக்கா எடுக்கட்டும்."

தினேஸ்வரி விழித்தாள். "இங்க ஏதுக்கா காக்கா? நகராண்மை மாஜ்லிஸ்காரங்க துப்பாக்கியோட வந்து ஒண்ணு விடாம சுட்டு அள்ளிட்டுப் போயிட்டாங்களே. அஞ்சு மாசமாச்சு லா. ஓ... அப்ப நீங்க தேவண்ணன்கூட ஆஸ்பத்திரியில இருந்தீங்க."

நவமணி மதிலைப் பார்த்தாள். சோறு காய்ந்து கிடந்தது.

கருமக்கிரியை முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன மறுநாள், இதே வாசலில் காக்காவுக்காக மூன்று மணிவரை காத்திருந்து அவள் மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் கார்த்திகேசு. அவள் வீட்டுக்குத் திரும்பிய நாளிலிருந்துதான் காக்கா தவறாமல் வந்தது.

அப்படியென்றால் புருஷன் வரவே இல்லை. ஒரு நாள்கூட வரவில்லை. அந்த நினைப்பு வந்ததும் தேவன் இன்னொரு தடவை செத்துப்போன மாதிரி இருந்தது அவளுக்கு.

தினேஸ்வரி கொடுத்த சீனித் தண்ணீரைக் குடித்துவிட்டு, மதிலைப் பிடித்துக்கொண்டே போனாள். அந்தப் பக்கம் கார்த்திகேசு காலித் தோங்கைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணே நேத்து சொல்லல?"

அவர் நிமிரவில்லை. "என்னான்னு சொல்றது தங்கச்சி? ஒன் புருஷன் வரலன்னு என் வாயால எப்படிச் சொல்றது?"

நவமணிக்குக் கண்ணீர் பொத்துக்கொண்டு வந்தது. "அந்தச் சோத்தக் குப்பையில கொட்டியிருக்கலாமே. இந்தப் புழுவால ஊரே ஒங்களத் திட்டுச்சே, நானும் சேந்து..."

"தேவன் பேரச் சொல்லி வச்ச சோறு. நான் திங்கிறதும் மொறையில்ல, குப்பையில போடவும் மனசு வரல. புழுவா இருந்தாலும் உசுருதானேன்னு வளத்தேன். அது பாட்டுக்குப் பெருகிப் போச்சு."

தண்ணீரைக் கவிழ்த்துவிட்டு முதல் தடவையாக அவளைப் பார்த்தார்.

"கோழியே அதுக்கப்புறம்தான் வாங்குனேன்."