கூலி வாங்காத பாட்டு

தங்கையின் கல்யாணத்துக்குப் பாட மைனாவைக் கூப்பிடப் போன அணிலுக்கு, கூலியைக் கேட்டதும் வால் மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

"முப்பது அத்திப்பழமா? முயல் வீட்டுக் காதுகுத்துக்குப் பத்துதானே வாங்கினீங்க, அக்கா?"

"அது அரைமணி நேரப் பாட்டு, தம்பி. கல்யாணம்னா மூணு வேளை தொண்டை கிழியணும். முகூர்த்த நாள் வேற. ஓடையைத் தாண்டி வேற வரணும்."

"எதுக்குத்தான் குறைச்சு வாங்குவீங்க?"

"சாவு வீட்டுல ஒண்ணுமே வாங்க மாட்டேன்."

அணில் தலையைச் சொறிந்தது. மைனாவை எப்படியாவது வரவழைத்துவிட்டால், அப்புறம் கெஞ்சிக் கூத்தாடிக் கல்யாணப் பாட்டு பாடவைத்துவிடலாம் என்று அதற்குத் தோன்றியது.

"அப்படின்னா… எங்க அம்மா போயிட்டாங்க, அக்கா. நாளைக்குக் காலையில வந்துடுங்க."

மறுநாள் மைனா கல்யாணம் நடக்கும் கிளையில் இறங்கிய கையோடு, யாரையும் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கிவிட்டது.

"மழை மாசம் பட்டினி கிடந்து பிள்ளைக்கு ஊட்டின தாயே, எங்களை விட்டு எங்கே போனாயோ!"

மாப்பிள்ளை வீட்டார் கடித்த பழத்தை விழுங்க மறந்தார்கள். அணில் வாலால் முகத்தை மூடிக்கொண்டது. முன்னால் உட்கார்ந்திருந்த அம்மா மட்டும் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைசிவரை கேட்டாள்.

"என்னை மாதிரி ஒருத்திக்கு இவ்வளவு நல்ல பாட்டா! என் மகன் உனக்கு என்னம்மா கொடுத்தான்?"

"சாவுக்கு நான் கூலி வாங்கறதில்லைம்மா," என்று மைனா கண்ணைத் திறந்தது. "செத்துப்போன புண்ணியவதிக்கு நீங்க என்ன உறவு?"

அம்மா மெல்ல அணிலின் பக்கம் திரும்பினாள்.